இரண்டு மேசைக்கரண்டி இறைச்சி: வளரும் பிள்ளைகளும் மாட்டிறைச்சியின் ஊட்டமும் – கெலிஓயாவை முன்வைத்து ஓர் ஆய்வு

1. கேள்வி

பேராதனையிலிருந்து கம்பளைக்குச் செல்லும் வீதியில், மகாவலிக்கு அணித்தாக அமைந்திருக்கிறது கெலிஓயா. உடுநுவரப் பகுதியின் முக்கியமான கடைத்தெருக்களில் அதுவும் ஒன்று. தமிழ் பேசும் முஸ்லிம்களும் சிங்கள பௌத்தர்களும் மலையகத் தமிழரும் ஒரே பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் ஊர். இங்கிருந்து சிறு பயணத் தொலைவில் பேராதனைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மருத்துவ பீடம், மிருக வைத்திய பீடம், விவசாய பீடம் ஆகிய மூன்றையும் கொண்ட பல்கலைக்கழகம் அது. சிறுவருக்கான தனி வைத்தியசாலையும் பேராதனையிலேயே உண்டு. கன்னொறுவையில் மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிறது. மாட்டைப் பற்றிய அறிவும் பிள்ளையைப் பற்றிய அறிவும் இவ்வளவு நெருக்கமாக அமைந்த இடம் இலங்கையில் வேறில்லை என்றே சொல்லலாம்.

ஆனாலும் இந்த வட்டாரத்தில் மாட்டிறைச்சி பற்றிப் பேச்செழும்போதெல்லாம் மதம் பேசப்படுகிறது, சட்டம் பேசப்படுகிறது, விலை பேசப்படுகிறது. பிள்ளையின் உடல் பேசப்படுவதில்லை. வளரும் பிள்ளைக்கு மாட்டிறைச்சி என்ன தருகிறது, எவ்வளவு தருகிறது, எந்த வயதில் அது கூடுதலாகத் தேவைப்படுகிறது, அது தருவதாக நாம் நம்புவனவற்றில் எவற்றை அது தருவதில்லை என்பவையே இக்கட்டுரையின் கேள்விகள்.

என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மாட்டிறைச்சியின் ஊட்டப் பயன் உண்மையானது. ஆனால் அதை உண்ணும் குடும்பங்கள் பெரும்பாலும் அந்தப் பயனைத் தவறான இடத்தில் தேடுகின்றன. புரதத்திலும் உயரத்திலும் சூப்பிலும் அதைத் தேடுகிறோம். அது இருப்பது துத்தநாகத்திலும் விற்றமின் பி12இலும் உடல் எளிதில் உறிஞ்சும் இரும்பிலும். அதற்குத் தேவையான அளவும் மிகச் சிறியது. ஆறு மாதம் நிறைந்த பிள்ளைக்கே அது அதிகம் பயன்படும். அந்தப் பிள்ளைக்குத்தான் பல வீடுகளில் அது கிடைப்பதில்லை.

மாட்டிறைச்சியை விலக்கியவர்களை உண்ணும்படி கேட்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. உண்ணும் வீடுகளில் அது யாருடைய தட்டுக்குப் போகிறது என்பதே என் அக்கறை.

2. கண்டி மண்ணில் ஒரு பழைய வழக்கு

1660இல் கண்டி அரசனின் ஆட்களால் சிறைபிடிக்கப்பட்ட ஆங்கிலேயர் றொபர்ட் நொக்ஸ், 1679இல் தப்பிச் செல்லும் முன்னரான ஆண்டுகளை எலதத்தவில் கழித்தார். கெலிஓயாவைச் சூழ்ந்துள்ள கிராமங்களோடு சேர்த்து எண்ணத்தக்க ஊர் அது. 1681இல் இலண்டனில் வெளியான அவருடைய நூலில், இந்நாட்டில் மாட்டிறைச்சி அருவருக்கப்பட்ட உணவு என்ற குறிப்பு இருக்கிறது. பசுவதை எதிர்ப்பை அண்மைக்கால அரசியலின் கண்டுபிடிப்பு என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன். கண்டிச் சமூகத்தில் அதற்கு ஆழமான வேர் உண்டு. பிற்காலத்தில் அது யாருக்கு எதிராகத் திருப்பப்பட்டது என்பது வேறு கதை.

அதே மண்ணில் முஸ்லிம்களின் இருப்பும் பழையதே. கரையோரத்தில் போர்த்துக்கேயரின் ஒடுக்குமுறைக்கு ஆளான முஸ்லிம்களுக்கு 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் செனரத் மன்னன் தன் ஆட்சிப்பரப்பில் குடியிருக்க இடமளித்தான். கண்டி முஸ்லிம்களில் பலர் தவளம் எனப்படும் பொதிமாட்டுக் கூட்டங்களை நடத்தி உப்பையும் கருவாட்டையும் மலைக்கும் பாக்கைக் கரைக்கும் கொண்டுசென்றார்கள். அரச போக்குவரத்துக்குப் பொறுப்பான மடிகே என்ற பிரிவில் அவர்கள் பணியாற்றியதை லோர்ணா தேவராஜா இலங்கை முஸ்லிம்கள் பற்றிய தம் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். மாட்டோடு அவர்களுக்கிருந்த உறவு இறைச்சிக்கடையில் தொடங்கவில்லை, மலைப்பாதையில் தொடங்கியது.

ஆங்கிலேயர் காலத்தில் இறைச்சி விற்பனை உரிமத்துக்குள் வந்தது. 1893ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டம் மாடறுப்பையும் இறைச்சிக்கடைகளையும் உள்ளூர் அதிகாரத்தின் கீழ்க் கொண்டுவந்தது. 1958ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டம் எந்த மாட்டை அறுக்கலாம், எதை அறுக்கலாகாது என்பதில் கட்டுப்பாடுகளை விதித்தது. இன்றும் இறைச்சிக்கடை உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதியிலேயே நடக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் கண்காணிப்பு அதற்கு உண்டு. போயா தினங்களில் அது மூடியிருக்கும்.

2013 மே 24 அன்று, வெசாக் நாளில், கண்டி தலதா மாளிகைக்கு அருகே போவத்தே இந்திரரத்தன தேரர் மாடறுப்பை எதிர்த்துத் தமக்குத் தாமே தீ மூட்டிக்கொண்டார், மறுநாள் உயிரிழந்தார். அதன்பின் இந்த மாவட்டத்தில் மாட்டிறைச்சியைப் பற்றி அமைதியாகப் பேசுவது இன்னும் கடினமாயிற்று. 2018 மார்ச்சில் திகனையிலும் தெல்தெனியாவிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்த நாட்கள் அந்த இறுக்கத்தை மேலும் கூட்டின. ஓர் உணவு ஓர் இனத்தின் அடையாளமாக நிறுத்தப்படும்போது, அதை உண்பவர்கள் அதன் குறைகளைப் பேசத் தயங்குகிறார்கள். உண்ணாதவர்கள் அதன் நிறைகளை ஏற்கத் தயங்குகிறார்கள். ஊட்டச்சத்துக் கேள்வி கேட்கப்படாமலே போனதற்கு இந்தத் தயக்கமே காரணம் என்று கருதுகிறேன்.

3. வீடுகளில் நிலவும் மூன்று நம்பிக்கைகள்

மாட்டிறைச்சி உண்ணும் குடும்பங்களில் பிள்ளைகளைப் பற்றி மூன்று நம்பிக்கைகள் பரவலாக இருக்கின்றன. மூன்றையும் தனித்தனியே எடை போட வேண்டும்.

முதலாவது, இறைச்சி என்றால் புரதம், புரதம் என்றால் வளர்ச்சி என்பது. இது பொய்யன்று, மாட்டிறைச்சியின் புரதம் உயர்தரமானது, உடலுக்கு இன்றியமையாத அமினோ அமிலங்கள் எல்லாம் அதில் உண்டு. ஆனால் ஒன்று முதல் மூன்று வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்குத் தேவையான புரதம் ஏறத்தாழ 13 கிராம் மட்டுமே. சோறும் பருப்பும் ஒரு முட்டையும் சிறிது பாலும் கிடைக்கும் வீட்டில் அந்த அளவு எட்டிவிடும். சோற்றில் குறையும் லைசின் பருப்பில் இருக்கிறது. ஆகவே புரதத்துக்காக மட்டும் மாட்டிறைச்சியை நாடவேண்டிய தேவை பெரும்பாலான குடும்பங்களுக்கு இல்லை.

இரண்டாவது, சத்தெல்லாம் சூப்பில் இறங்கிவிடும் என்பது. இதுவே மூன்றிலும் அதிகக் கேடு செய்வது என்பது என் கணிப்பு. எலும்பையும் இறைச்சியையும் நெடுநேரம் அவித்து, வடித்த நீரைக் கைக்குழந்தைக்குப் புகட்டிவிட்டு, சக்கை என்று கருதப்படும் இறைச்சியைப் பெரியவர்கள் உண்கிறார்கள். அந்த நீரில் இறங்குவது உப்பு, கொழுப்பு, கொஞ்சம் ஜெலட்டின், நீரில் கரையும் சில விற்றமின்களின் ஒரு பகுதி. இரும்பிலும் துத்தநாகத்திலும் மிகப் பெரும்பங்கு தசைநாரிலேயே தங்கிவிடுகிறது. எலும்பிலிருந்து சூப்புக்குள் வரும் சுண்ணாம்புச் சத்தும் சொற்பமே. மேலும், பிள்ளையின் வயிறு சிறியது. அதை நீரால் நிரப்பிவிட்டால் கட்டியான உணவுக்கு இடமிருக்காது. உம்மாவும் உம்மும்மாவும் அன்போடு செய்யும் அந்தக் கிண்ணம் சூப்பு, பிள்ளைக்குச் சேரவேண்டியதைப் பிள்ளையிடமிருந்து பிரித்துவிடுகிறது.

மூன்றாவது, மாட்டிறைச்சி சூடு, ஆகவே சிறு பிள்ளைக்கு ஆகாது என்பது. சூடு, குளிர்ச்சி என்ற பகுப்பு நம் வைத்திய மரபில் ஆழமானது. அதை ஏளனம் செய்வதில் பயனில்லை. ஆயினும் ஆறு மாதம் நிறைந்த பிள்ளையால் நன்கு வேகவைத்து மசித்த இறைச்சியைச் செரிக்க முடியாது என்பதற்கு ஆதாரம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட இணை உணவு வழிகாட்டி, 6 முதல் 23 மாதம் வரையான பிள்ளைகள் இறைச்சி, மீன், முட்டை போன்ற விலங்குசார் உணவை நாள்தோறும் உண்ண வேண்டும் என்றே பரிந்துரைக்கிறது. மாட்டிறைச்சியே வேண்டும் என்று அது சொல்லவில்லை. அந்த வரிசையில் இறைச்சிக்கு முதல் ஆண்டிலிருந்தே இடமுண்டு என்பதுதான் அதன் கருத்து.

4. சத்துக்களின் கணக்கு

கொழுப்பு நீக்கிச் சமைத்த 100 கிராம் மாட்டிறைச்சியில் 26 முதல் 28 கிராம் புரதமும், ஏறத்தாழ 2.5 முதல் 3 மில்லிகிராம் இரும்பும், 5 முதல் 6 மில்லிகிராம் துத்தநாகமும், 2 முதல் 2.5 மைக்ரோகிராம் விற்றமின் பி12உம் இருக்கும். துண்டுக்கும் மாட்டின் வயதுக்கும் தீவனத்துக்கும் ஏற்ப இவை சற்று மாறும்.

இனி, ஒரு சிறு பிள்ளை உண்ணக்கூடிய அளவை எடுத்துக்கொள்வோம். 30 கிராம், கொத்திய இறைச்சியாக ஏறத்தாழ இரண்டு மேசைக்கரண்டி. ஒன்று முதல் மூன்று வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்குப் பரிந்துரைக்கப்படும் துத்தநாகம் 3 மில்லிகிராம்; இந்த இரண்டு கரண்டியில் அதில் பாதிக்குமேல் வந்துவிடுகிறது. விற்றமின் பி12 0.9 மைக்ரோகிராம் தேவை. அதில் நான்கில் மூன்று பங்கு கிடைக்கிறது. ஒரு பிள்ளைக்கு இவ்வளவு சிறிய அளவில் இரண்டையும் சேர்த்துத் தரும் உணவுகள் நம் அடுப்படியில் மிகச் சில.

இரும்பின் கணக்கு சற்றுச் சிக்கலானது, ஆனால் பார்க்கவேண்டியது. உணவிலுள்ள இரும்பு இருவகை. இறைச்சியிலுள்ள இரும்பில் ஏறத்தாழ பாதி ஹீம் என்ற வடிவில் இருக்கிறது. உடல் அதில் 15 முதல் 35 சதவீதம் வரை உறிஞ்சுகிறது. பருப்பு, கீரை, தானியங்களில் இருப்பது ஹீம் அல்லாத இரும்பு. அதன் உறிஞ்சல் பல வேளைகளில் 10 சதவீதத்துக்கும் குறைவு. உலக சுகாதார நிறுவனமும் உணவு, விவசாய அமைப்பும் சேர்ந்து தந்த மதிப்பீட்டின்படி, ஒன்று முதல் மூன்று வயதுப் பிள்ளையின் உடலுக்குள் நாளொன்றுக்கு உண்மையில் சேரவேண்டிய இரும்பு, நடுத்தர அளவாக, 0.46 மில்லிகிராம். நம் 30 கிராம் இறைச்சியில் 0.8 மில்லிகிராம் அளவில் இரும்பு இருக்கிறது. அதில் உடலில் சேர்வது 0.14 மில்லிகிராம் அளவே என்று மதிப்பிடலாம். தேவையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஆகவே மாட்டிறைச்சி தன்னந்தனியாக இரத்தசோகையைத் தீர்த்துவிடும் என்ற எண்ணத்தை இந்த எளிய கணக்கே மறுத்துவிடுகிறது.

அப்படியானால் இரும்பைப் பொறுத்தவரை அதன் சிறப்பு எங்கே இருக்கிறது? அதே தட்டில் இருக்கும் பருப்பையும் கீரையையும் அது மாற்றுகிறது. இறைச்சி சேர்ந்த உணவில், ஹீம் அல்லாத இரும்பின் உறிஞ்சல் இரண்டு மூன்று மடங்கு வரை உயர்வது பல ஆய்வுகளில் காணப்பட்டிருக்கிறது. தேசிக்காய்ச் சாறும் இதே வேலையைச் செய்கிறது. சோறு, மைசூர்ப் பருப்பு, தேசிக்காய் பிழிந்த பொன்னாங்காணிச் சுண்டல், மேலே இரண்டு கரண்டி இறைச்சி என்று ஒரு தட்டு அமைந்தால், அதன் ஒவ்வொரு பகுதியும் மற்றதைப் பயனுள்ளதாக்குகிறது. வெறும் இறைச்சிப் பொரியலும் பாணும் அந்த வேலையைச் செய்யாது.

தட்டிலுள்ள இரும்பின் உறிஞ்சலை நேர்மாறாகக் கெடுப்பது பிளேன்டி என்னும் பால் சேர்க்காத தேநீர். மலையகத்தில் தேநீர் வீட்டுக்கு வீடு ஓடும் பானம். சோறு உண்டதும் சிறு பிள்ளைக்கும் அரைக் கோப்பை ஊற்றிக் கொடுக்கும் பழக்கம் இருக்கிறது. தேயிலையிலுள்ள பொலிபீனால்கள் ஹீம் அல்லாத இரும்பின் உறிஞ்சலைப் பாதிக்கும் மேலாகக் குறைத்துவிடக்கூடியவை. ஹீம் இரும்பு அவ்வளவாகப் பாதிக்கப்படுவதில்லை. தேநீரை விடமுடியாத வீடுகளில் ஒரு மணிநேரமாவது தள்ளிக் கொடுப்பது, கிழமைக்கு ஒருமுறை கூடுதலாக இறைச்சி வாங்குவதைவிட மலிவான, உறுதியான பலன் தரும்.

ஈரலைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். மாட்டீரலில் இரும்பு இறைச்சியைவிட இருமடங்கு அளவில் இருக்கும், பி12 பன்மடங்கு. ஆனால் விற்றமின் ஏ மிக அதிகம். சமைத்த 100 கிராம் ஈரலில் பல ஆயிரம் மைக்ரோகிராம் இருக்க, ஒன்று முதல் மூன்று வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கான மேல்வரம்பு 600 மைக்ரோகிராம் மட்டுமே. எனவே சிறு பிள்ளைக்கு ஈரல் கிழமைக்கு ஒருமுறை ஒரு சிறு துண்டு போதும். தினமும் கொடுக்கத்தக்க உணவன்று அது.

கோழியோடு ஒப்பிடுகையில் வேறுபாடு தெளிவாகிறது. கோழி நெஞ்சிறைச்சியில் புரதம் மாட்டிறைச்சிக்குச் சமம், துத்தநாகமோ 100 கிராமுக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம், இரும்பும் அவ்வாறே, பி12உம் குறைவு. மாட்டிறைச்சியின் இடத்தைக் கோழியால் அப்படியே நிரப்ப முடியாது. முழுதாக உண்ணும் நெத்தலியும் மத்தியும் அந்த வேலையின் ஒரு பங்கைச் செய்யும். முள்ளோடு சாப்பிடுவதால் மாட்டிறைச்சியில் இல்லாத சுண்ணாம்பையும் தரும். மாட்டிறைச்சி உண்ணாத குடும்பங்களுக்கு நெத்தலி, முட்டை, பால், தேசிக்காய் சேர்த்த பருப்பு என்ற கூட்டணி உகந்த வழி. மீனும் முட்டையும் உண்ணாத சைவ வீடுகளில் பி12 பாலிலிருந்தே வரவேண்டும். பாலும் குறைந்தால் வைத்தியரிடம் கேட்டு மாத்திரையாகவோ துளியாகவோ கொடுப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

5. ஆய்வுகள் காட்டுவதும் காட்டாததும்

துத்தநாகக் குறைபாடு மனிதரில் வளர்ச்சியைத் தடுக்கும் என்ற ஐயம் முதலில் எழுந்தது ஈரானில். 1950களின் இறுதியில் ஷிராஸ் நகரில் பணியாற்றிய இந்திய வம்சாவளி வைத்தியர் ஆனந்த பிரசாத், இருபது வயதைக் கடந்தும் பத்து வயதுச் சிறுவனைப் போல் தோற்றமளித்த இளைஞர்களைக் கண்டார். அவர்கள் பெரும்பாலும் புளிக்காத கோதுமை ரொட்டியையே உண்டவர்கள். இறைச்சி அவர்களுக்கு அரிது. தானியத்திலுள்ள பைற்றேற்று துத்தநாகத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதை அவரும் பின்னர் எகிப்தில் அவரோடு பணியாற்றியவர்களும் படிப்படியாக நிறுவினர். வயிற்றோட்டம் கண்ட பிள்ளைக்குத் துத்தநாகம் கொடுக்குமாறு 2004இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் பரிந்துரைத்ததற்குப் பின்னால் இந்த நீண்ட அறிவுத்தொடர் இருக்கிறது.

மாட்டிறைச்சியையே நேரடியாகச் சோதித்த ஆய்வுகளில் இரண்டை அருகருகே வைத்துப் படிப்பது பயனுள்ளது. முதலாவது கென்யாவின் எம்பு மாவட்டத்தில் 1998க்கும் 2000க்கும் இடையில் சார்லட் நியூமன் குழுவினர் நடத்தியது. பன்னிரண்டு பாடசாலைகளில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட முதலாம் வகுப்புப் பிள்ளைகள் அதில் இருந்தனர். சோளமும் அவரையும் சேர்ந்த கித்தேரி என்ற உள்ளூர் உணவோடு சிலருக்குக் கொத்திய மாட்டிறைச்சியும், சிலருக்குப் பாலும், சிலருக்கு அதே அளவு சக்தி தரும் எண்ணெயும் சேர்க்கப்பட்டது. ஒரு பகுதியினருக்கு எதுவும் கொடுக்கப்படவில்லை. இறைச்சி உண்ட பிள்ளைகள் ரேவன் புதிர்ச் சோதனையில் மற்றெல்லாரையும்விட முன்னேறினார்கள். கைத்தசை கூடியது. விளையாட்டுத் திடலில் அவர்கள் அதிகம் ஓடினார்கள், அதிகம் முன்னின்று நடத்தினார்கள். பி12 குறைபாடு இறைச்சி, பால் என்ற இரு குழுக்களிலும் வெகுவாகக் குறைந்தது.

ஆனால் இறைச்சி உயரத்தைக் கூட்டவில்லை. உயரத்தில் சிறிது பலன் கண்டவர்கள் பால் குடித்த பிள்ளைகளில் ஏற்கெனவே குட்டையாக இருந்தவர்களே. இரத்தத்தின் இரும்பு நிலையிலும் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. மலேரியா மிகுந்த பகுதி அது என்பதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

இரண்டாவது, நான்சி கிரெப்ஸ் குழுவினர் கொங்கோ, சாம்பியா, குவாட்டமாலா, பாகிஸ்தான் ஆகிய நான்கு நாடுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைக்குழந்தைகளிடம் செய்து 2012இல் வெளியிட்டது. ஆறாம் மாதம் முதல் பதினெட்டாம் மாதம் வரை ஒரு சாராருக்கு நாள்தோறும் மாட்டிறைச்சி. முதலில் 30 கிராம், பின்னர் 45 கிராம். மறுசாராருக்குச் சத்துக்கள் செறிவூட்டப்பட்ட தானிய மா. உயர வளர்ச்சியில் இரு சாராருக்கும் வேறுபாடு தென்படவில்லை. இரும்புக் குறைபாட்டில் தானிய மா உண்டவர்களே நல்ல நிலையில் இருந்தார்கள்.

இந்த இரண்டாவது ஆய்வை மாட்டிறைச்சியை ஆதரிப்பவர்கள் எடுத்துச் சொல்வதில்லை. எதிர்ப்பவர்கள் முதலாவதைச் சொல்வதில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் பொருள் இதுதான் என்பேன்: ஏனைய ஊட்டம் குறைந்த உணவுச்சூழலில் சிறிது இறைச்சி பிள்ளையின் கற்கும் திறனுக்கும் தசைக்கும் பி12 நிலைக்கும் உதவுகிறது, செறிவூட்டப்பட்ட உணவு ஒழுங்காகக் கிடைக்கும் இடத்தில் அதன் கூடுதல் பலன் சுருங்கிவிடுகிறது. பிள்ளை குட்டையாவதற்குத் திரும்பத் திரும்ப வரும் நோய், தாயின் ஊட்டநிலை, பிறப்பு எடை, அசுத்த நீர் எனக் காரணங்கள் பல. அவை எல்லாவற்றையும் எந்த ஒரு தனி உணவும் திருத்திவிடாது.

இலங்கை எந்தச் சூழலைச் சேர்ந்தது? 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 17.3 சதவீதம் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள், 15.1 சதவீதம் உயரத்துக்கேற்ற எடையில்லாதவர்கள். 2022இன் பொருளாதார நெருக்கடிக்கு முந்திய எண்கள் இவை. திரிபோஷா என்ற சோள, சோயா, பால்மாக் கலவை 1970களிலிருந்து தாய்மாருக்கும் எடை குறைந்த பிள்ளைகளுக்கும் கிளினிக்குகளில் கொடுக்கப்பட்டுவருகிறது. அது ஒழுங்காகக் கிடைக்கும் மாதங்களில் நாம் கிரெப்ஸ் ஆய்வின் தானியக் குழுவுக்கு அருகில் நிற்கிறோம். கிடைக்காத மாதங்களில் எம்பு மாவட்டத்துக்கு அருகில்.

6. ஆறாம் மாதமும் பதின்மூன்றாம் வயதும்

இரும்பின் தேவை பிள்ளைப்பருவம் முழுதும் ஒரே சீராக இருப்பதில்லை. தாயின் வயிற்றில் சேமித்த இரும்போடு பிள்ளை பிறக்கிறது. ஏறத்தாழ ஆறாம் மாதத்தில் அந்தச் சேமிப்பு தீரத் தொடங்குகிறது. எடை குறைந்து பிறந்த பிள்ளைக்கு இன்னும் முந்தியே தீரும். தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. அதைத் தொடர்ந்து கொடுக்க வேண்டும் என்பதில் மாற்றுக்கருத்தில்லை என்றாலும், இரும்புக்கு வேறு வழி தேடியாக வேண்டும். மூளையின் நரம்பிழைகளுக்கு உறை படியும் காலமும் அதுவே. இந்த மாதங்களில் நேரும் குறையைப் பின்னால் முழுதாக ஈடுசெய்வது கடினம்.

ஆகவே இறைச்சி சமைக்கும் நாளில் கைக்குழந்தைக்குரிய பங்கை மிளகாயும் உப்பும் சேர்ப்பதற்கு முன் எடுத்துவைத்து, மென்மையாகும்வரை வேகவைத்து, அம்மியிலோ மிக்சியிலோ நாரறும்படி அரைத்து, சோற்றோடும் பருப்போடும் கெட்டியாகப் பிசைந்து ஊட்டலாம். முதலில் ஒரு தேக்கரண்டி போதும். துண்டாகக் கொடுத்தால் தொண்டையில் அடைக்கும் ஆபத்து உண்டு. நான்கு வயது வரை கொத்தியோ கிழித்தோ கொடுப்பதே பாதுகாப்பு. அவித்த நீரையும் வீசாமல் அந்தச் சோற்றைக் குழைக்கவே பயன்படுத்தலாம்.

அடுத்த நெருக்கடி மாதவிடாய் தொடங்கும் பெண்பிள்ளைக்கு. பதினான்கு முதல் பதினெட்டு வயதுப் பெண்பிள்ளைக்குப் பரிந்துரைக்கப்படும் இரும்பு நாளொன்றுக்கு 15 மில்லிகிராம். அதே வயது ஆண்பிள்ளைக்கு 11. தேவை கூடுதலாக இருப்பது அவளுக்கே. ஆனால் ஆண்கள் முதலில் உண்டு, எஞ்சிய ஆணத்தில் பெண்கள் உண்ணும் வழக்கம் இன்னும் மறையாத வீடுகளில் இறைச்சித் துண்டு அவள் தட்டுக்கு வருமுன் தீர்ந்துவிடுகிறது. ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பான் இறைச்சி வீட்டுக்கு வீடு பகிரப்படும்போது ஏழைக் குடும்பத்துக்கும் பங்குண்டு என்ற நெறி நம்மிடம் வலுவாக இருக்கிறது. அந்த நெறி வீட்டுக்குள் நுழைந்ததும், யாருக்கு எத்தனை துண்டு என்ற இடத்தில், தளர்ந்துவிடுவதை நான் வருத்தத்தோடு பார்க்கிறேன்.

7. எல்லைகள்

2015 ஒக்டோபரில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையகம், பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குவது என்றும், சிவப்பிறைச்சியை உண்டாக்கக்கூடும் என்றும் வகைப்படுத்தியது. இவை வளர்ந்தவர்களிடம் நெடுங்காலம் திரட்டிய தரவுகளை ஒட்டியவை. கிழமைக்கு இரண்டு மூன்று முறை சிறிது இறைச்சி உண்ணும் பிள்ளையை அச்சுறுத்தப் போதுமானவையல்ல. ஆனால் சொசேஜஸ், டின்னில் அடைத்த இறைச்சி ஆகியவற்றுக்குப் பிள்ளைகளைப் பழக்குவதை நியாயப்படுத்த எந்த ஊட்டச்சத்துக் காரணமும் இல்லை. இறைச்சிக்கடை மூடியிருக்கிறதே என்று சொசேஜஸ் பொதியை வாங்கும் வீடுகளில் பிள்ளைக்கு அதற்குப் பதில் ஒரு முட்டை கொடுப்பது மேல்.

சுகாதாரம் குறித்து ஒன்றே சொல்ல வேண்டும்: உள்ளே சிவப்பு மாறும்வரை வேகாத இறைச்சியைப் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது. நாடாப்புழுவும் சில கொடிய பக்றீரியாக்களும் அரைவேக்காட்டில் பிழைத்துக்கொள்ளும். கொத்திய இறைச்சியில் இந்த ஆபத்து கூடுதல்.

இன்னுமொன்று அடிக்கடி மறக்கப்படுகிறது. வெளிறிய பிள்ளை எல்லாம் இரும்புக் குறைவால் வெளிறியதன்று. பீற்றா தலசீமியாவின் மரபணுவைச் சுமப்போர் இலங்கையில் கணிசமாக உள்ளனர்; அதற்கான பெரிய சிகிச்சை நிலையம் அயல்மாவட்டமான குருநாகலில் இருக்கிறது. மரபணுவைச் சுமப்பவரின் இரத்தப் பரிசோதனை இரும்புக் குறைபாட்டைப் போலவே தோற்றமளிக்கும். மரபணுவைச் சுமப்பதோடு நில்லாமல் நோயாகவே வெளிப்படும் தலசீமியாவில் உடலில் இரும்பு மிகுந்துவிடுவதே துன்பம். அந்தப் பிள்ளைக்குச் சிவப்பிறைச்சியையும் ஈரலையும் கட்டுப்படுத்தச் சொல்வார்கள். எனவே வெளிறிய பிள்ளைக்கு இறைச்சியைக் கூட்டுவதற்கு முன் இரத்தத்தைச் சோதிப்பது தேவை.

8. தடை விவாதத்தில் பிள்ளைகளின் இடம்

2020 செப்டெம்பரில் அன்றைய பிரதமர் மஹிந்த ராஜபக்ஷ முன்வைத்த மாடறுப்புத் தடை யோசனைக்கு அமைச்சரவை இணக்கம் தெரிவித்தது. உண்பவர்களுக்கு வேண்டிய மாட்டிறைச்சியை இறக்குமதி செய்து சலுகை விலையில் வழங்குவதும் அந்த முடிவின் பகுதி. 2021 ஒக்டோபரில் தொடர்புடைய சட்டங்களைத் திருத்தும் யோசனை மீண்டும் அமைச்சரவைக்கு வந்தது. அடுத்த ஆண்டு நாடே பொருளாதார நெருக்கடிக்குள் விழ, விவாதம் பின்னுக்குப் போயிற்று.

அந்த இரண்டாண்டு விவாதத்தில் இரு தரப்பும் வலுவாகவே பேசின. கிராமிய வாழ்வில் மாட்டின் இடம் பற்றியும் உயிர்க்கொலை பற்றியும் ஒரு தரப்பு பேசியது. சிறுபான்மையினரின் உரிமை பற்றியும், கறவை வற்றிய பசுவையும் காளைக்கன்றையும் விற்கமுடியாத பண்ணையாளரின் நட்டம் பற்றியும் மறுதரப்பு பேசியது. இந்த வாதங்கள் எல்லாம் மதிப்புக்குரியவை. இரும்பும் துத்தநாகமும் பி12உம் எந்தப் பிள்ளைக்கு எங்கிருந்து வரும் என்ற கேள்வியோ அவற்றுக்கிடையே மேலெழவில்லை.

இறக்குமதி இறைச்சியை அதற்கான விடையாக ஏற்க முடியாது. உறைகுளிரில் வரும் பெட்டிகள் கண்டி நகரின் பெரிய அங்காடிகளுக்கும் ஹோட்டல்களுக்கும் முதலில் போகும். கெலிஓயாவில் கால் கிலோ இறைச்சி வாங்கிப் பருப்போடும் கிழங்கோடும் ஆறு பேருக்குப் பகிரும் குடும்பத்துக்கு அது எட்டுமா என்பது டொலர் விலையைப் பொறுத்தது. 2022இல் டொலர் இல்லாத நாட்டில் பால்மாவுக்கே வரிசையில் நின்றோம்.

தடை மீண்டும் மேசைக்கு வருமானால், அதற்கு முன் செய்யவேண்டிய ஓர் அளவீடு இருக்கிறது. அதைச் செய்யும் ஆற்றல் பேராதனையின் மூன்று பீடங்களுக்கும் உண்டு. உடுநுவரப் பகுதியில் மாட்டிறைச்சி உண்ணும் குடும்பங்களிலும் உண்ணாத குடும்பங்களிலும் பிள்ளைகளின் பெரிற்றின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் குறியீடு), துத்தநாகம், பி12 அளவுகளைச் சோதித்து, அவர்கள் அந்தக் கிழமை உண்டதையும் பதிய வேண்டும். காய்ச்சலும் சளியும் பெரிற்றினை உயர்த்திக் காட்டும் என்பதால் அழற்சிக் குறியீடும், தலசீமியா மரபணுச் சோதனையும் உடன் வேண்டும். ஆறு முதல் இருபத்து நான்கு மாதம் வரையான பிள்ளைகளைத் தனியாகவே எண்ண வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்டோர் என்று ஒன்றாகச் சேர்த்து எண்ணினால், சூப்பு நீர் மட்டுமே கிடைத்த கைக்குழந்தையின் குறை மூத்த பிள்ளைகளின் சராசரிக்குள் மறைந்துவிடும்.